ஒரே டின்னில் நாற்பது மாத்திரைகள்

எர்மினியா கோத்தோ மாத்திரைகளை விரலால் தொட்டு எண்ணமாட்டாள். வெள்ளைச் சாஸரில் குப்பியைக் கவிழ்த்து, பையிலிருந்து முனை மழுங்கிய ஓர் எலும்பு ஊசியை எடுத்து, இரண்டிரண்டாக ஒதுக்குவாள். முடிந்ததும் எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து எண்ணுவாள். இரண்டு தடவையும் ஒரே எண் வந்த பிறகுதான் நோட்டைத் திறப்பாள்.

பதினான்கு வருஷம் வீட்டிலிருந்தபடியே சீமாட்டிகளுக்குக் கையுறை தைத்தவள். ஒரு தையல் பிசகினால் முழு விரலையும் பிரிக்க வேண்டும் என்ற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. கணவன் நியூயார்க்கில் ஏதோ உணவகத்தில் தட்டுக் கழுவுகிறான் என்று சொல்வாள். அதற்கு மேல் அவனைப் பற்றிப் பேச்சு வராது.

அவளும் நானும் ஒரே வாரத்தில்தான் மருத்துவமனையில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது, எங்கள் தீவில் அரவை முடிந்து கரும்பு ஆலை ஓய்ந்திருந்த சமயம். பிள்ளை போதும் என்று இருக்கும் பெண்களுக்கு மாதத்தில் இருபது நாள் நாளுக்கொன்றாகச் சாப்பிட, இருபது மாத்திரை உள்ள ஒரு குப்பியைக் கொடுக்க வேண்டும். அடுத்த மாதம் போய் மிச்சம் இருப்பதை எண்ண வேண்டும். தலைவலி, குமட்டல், உதிரப்போக்கு, அவர்கள் எதைச் சொன்னாலும் எழுத வேண்டும். குப்பிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும். அது விலாசத்துக்காக என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாதக் கடைசியில் நோட்டுகளை டாக்டர் ஒலிவேராஸிடம் கொடுப்போம். அவர் அவற்றைத் தொகுத்து, கடல் தாண்டி வடக்கே நியூயார்க் பக்கம் இருக்கும் ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்புவார். புது மாத்திரை, குணம் குறை பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். பெண்களிடம் சொல்ல எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது ஒரே வாக்கியம்: இதைச் சாப்பிட்டால் பிள்ளை உண்டாகாது.

என் நோட்டில் "தலைவலி உண்டு" என்று இருக்கும். எர்மினியாவின் நோட்டில் எந்தப் பக்கம், காலையிலா மாலையிலா, காப்பி குடித்தால் குறைகிறதா என்பது வரை இருக்கும். "உங்க நோட்டைப் படிச்சா அந்த வீட்டு அடுப்படியிலேயே உக்காந்திருக்கற மாதிரி இருக்கு, தோன்யா எர்மினியா" என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். பாராட்டோடு தோன்யா என்ற மரியாதையும் சேர்ந்ததில் அன்று முழுக்க அவள் முகம் சிவந்தே இருந்தது.

அவளுடைய அறுபத்திரண்டு வீடுகளில் ஒன்று நினாவுடையது. முழுப்பெயர் சத்துர்நினா, யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நினாவின் மூன்றாவது பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நின்றவள் எர்மினியா. அதனால் இருவரும் ஒருவரையொருவர் கொமாத்ரே என்றுதான் அழைப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது ரத்த உறவுக்கு ஒரு படி மேல்.

நினாவுக்கு இருபத்தொன்பது வயது, ஐந்து பிள்ளைகள். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் அவள் இதயத்தைக் கெடுத்திருந்தது. ஐந்தாவது பிரசவத்தில் உதடு நீலமாகி, மூன்று நாள் கண் திறக்கவில்லை. இன்னொன்றை இந்த இதயம் தாங்காது என்று அங்கிருந்த மருத்துவர் அவள் கணவன் செல்சோவிடம் நேராகவே சொல்லிவிட்டார். கருக்குழாயைக் கட்டிவிட நாளும் குறித்தாகிவிட்டது. மயக்க மருந்து கொடுத்தால் எழவே மாட்டோம் என்று நினா பயந்தாள். அப்போதுதான் எர்மினியா குறுக்கே வந்தாள்.

"கொமாத்ரே, இந்த இதயத்தை வச்சுக்கிட்டு அந்த மேசையில ஏறிப் படுக்காதே. ஒரு நாளைக்கு ஒரு மாத்திரை, அவ்வளவுதான். மாசாமாசம் நானே வந்து எண்ணுவேன். எல்லாம் என் கண்ணு முன்னாடி நடக்கும்."

நினா குறித்த நாளுக்குப் போகவில்லை. அடுத்த வருஷம் பிப்ரவரியில் மாத்திரைக்குச் சேர்ந்தாள். எண் நாற்பத்தொன்று. "இதயம் பழுது. மறு கர்ப்பம் ஆபத்து" என்று அவள் அட்டையில் எர்மினியாவே தன் கையால் எழுதினாள். சேர்ந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தது போல அவளுக்கும், உறவுக்கு முன் தடவும் கருத்தடைக் களிம்புக் குழாய் ஒன்றைக் கொடுத்தார்கள். அது எதற்கு என்று பெண்கள் கேட்டால், மாத்திரை இருக்கும்போது அது தேவையில்லை என்று நாங்களே சொல்லிவிடுவோம்.

மே மாத மழையில் பிரச்சினை வந்தது. தகரக் கூரை, பக்கத்திலேயே கடல். குப்பியின் தக்கை உப்பி, மாத்திரைகள் மாவாகத் தொடங்கின. பக்கத்து வீட்டுப் பசிலியாவும் எர்மினியாவின் பட்டியலில் இருப்பவள்தான், எண் பதினெட்டு. ஆலை மேஸ்திரிகளின் சமையல்கட்டில் வேலை செய்யும் வாட்டசாட்டமான பெண். அவளிடம் மூடி இறுக்கமான சோடா பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. இருவரும் தங்கள் புதுக் குப்பிகளை அதற்குள் கொட்டிவிட்டார்கள். அன்று நானும் எர்மினியாவுடன் போயிருந்தேன்.

"எண்ணிக்கோ எர்மினியா. அவளுது இருபது, என்னுது இருபது. ஒண்ணு குறைஞ்சா என்னைக் கேக்காதே, இவளைக் கேளு" என்றாள் பசிலியா.

"ஆமா, இவ மாத்திரையைத் திருடித் திங்கறதுதான் என் பொழப்பு" என்றாள் நினா.

"தின்னா தின்னுடி. என் ஆளு பக்கத்துல வந்தே மூணு மாசமாச்சு. எனக்கெதுக்கு இது? தலைவலிதான் மிச்சம்."

"அந்த மனுஷன் ஏன் வருவாரு? நீ விடற கொறட்டையில கோழியே கூண்டுக்குள்ள போக மாட்டேங்குது."

எர்மினியா சிரித்துக்கொண்டே இரண்டு தடவை எண்ணினாள். நாற்பது. ஒரே நிறம், ஒரே அளவு, நடுவில் ஒரே கோடு. காப்பித்தூள், உப்பு, கைக்குழந்தைக்குப் பால் என்று எதையும் வேலி தாண்டிக் கொடுத்து வாங்கும் தெரு அது. அதில் தப்பு இருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. "ஜூன் முதல் 18, 41 இருவரும் ஒரே டின்னில் வைத்திருக்கிறார்கள். ஈரம் இல்லை. எண்ணிக்கை சரி" என்று அவள் எழுதினாள்.

டாக்டர் ஒலிவேராஸ் அந்தக் கோடையில் மூன்று மாதம் வடக்கே போயிருந்தார். நோட்டுகள் அவர் அறை அலமாரியில் அடுக்கிக் கிடந்தன.

ஜூலையில் எர்மினியா என்னிடம் ஒரு விஷயம் சொன்னாள். "ஒரு வருஷமா பசிலியாவுக்கு வாரத்துல நாலு நாள் தலைவலி. இப்ப ரெண்டு நாள்தான். நினா இதுவரைக்கும் ஒரு தடவைகூட எதுவும் சொன்னதில்ல. இப்ப காலையில குமட்டுதுங்கறா, தலை வலிக்குதுங்கறா. என்னமோ ஒரே தலைவலியை ரெண்டு பேரும் பங்கு போட்டுக்கிட்ட மாதிரி இருக்கு."

"ஒரே டின்னுல சாப்பிட்டா எல்லாம் ஒட்டிக்கும் போல" என்றேன். சிரித்தோம். ஆனாலும் அவள் அதை நோட்டில் எழுதி, "டின்னுக்குப் பிறகு" என்று அடிக்கோடிட்டு வைத்தாள். ஏன் என்று கேட்டதற்கு, "தெரியல. ஆனா ரெண்டும் ஒரே வாரத்துல ஆரம்பிச்சிருக்கு" என்றாள்.

செப்டம்பரில் நினாவுக்கு நாள் தள்ளிப்போனது. எர்மினியா முதலில் நம்பவில்லை. மருத்துவமனையில் சோதித்தார்கள். ஆறு வாரம்.

அன்று மாலை நினா வீட்டு வாசலில் அவள் பேசியதைக் கேட்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது.

"உண்மையைச் சொல்லு. எத்தனை நாள் விட்ட?"

"ஒரு நாள்கூட விடல."

"நினா, ஒரு நாள் விட்டாலும் சொல்லிடு. திட்ட மாட்டேன்."

"விடலைங்கறேன். ஜெபமாலை முடிஞ்சதும் பசிலியா ஒண்ணு, நான் ஒண்ணு. தினம் அவ முன்னாடிதான் முழுங்கறேன்."

"பின்ன எப்படி வரும்? மாத்திரை பொய் சொல்லாது. நீதான் எதையோ மறந்திருக்க."

நினா எழுந்து நின்றாள். பிறகு, "எண்ணினது நீ" என்றாள். கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் டாக்டர் ஒலிவேராஸ் வடக்கேயிருந்து திரும்பியிருந்தார். கோடைக்கால நோட்டுகளை மேசையில் பரப்பி வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். நான் மூலையில் அட்டைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். எர்மினியா நின்றபடியே நினாவின் சேதியைச் சொன்னாள். அவர் தலையை ஆட்டி, ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். பதற்றமில்லை. பிறகு அவளுடைய நோட்டைத் திருப்பியவர், ஒரு பக்கத்தில் நின்றுவிட்டார்.

"இது என்ன? ஒரே டின்னா?"

"மழை ஈரம் டாக்டர். மாத்திரை உதிர்ந்துபோச்சு. அதனால..."

"ஜூன்லேர்ந்தா?" அவர் எழுந்துவிட்டார். "உங்களைப் போயி நம்பினேனே! மத்தவங்க செஞ்சா பரவாயில்ல, நீங்க எப்படி இதை விட்டீங்க? பதினெட்டு மருந்து, நாப்பத்தொண்ணு சீனி. ரெண்டையும் கலந்து வச்சிருக்கீங்க. ரெண்டு கேஸையும் இனி குப்பையிலதான் போடணும்."

எர்மினியாவுக்கு அந்த வாக்கியம் உள்ளே போகவில்லை என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது.

"சீனின்னா?" என்றாள்.

தான் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. உட்கார்ந்து, குரலைத் தணித்து, வகுப்பில் விளக்குவது போல விளக்கினார். தலைவலி இந்த மாத்திரையால்தான் வருகிறதா, மனப்பிரமையா என்று தெரிய வேண்டும். அதற்காக நாலில் ஒரு பெண்ணுக்கு அதே போலச் செய்த வெறும் சீனி மாத்திரை. யாருக்கு எது என்று பெண்களுக்கும் தெரியக்கூடாது, வீடு பார்ப்பவர்களுக்கும் தெரியக்கூடாது. எல்லா நாட்டிலும் ஆராய்ச்சி இப்படித்தான் நடக்கிறது.

"நினாவுக்குச் சீனி கொடுத்தீங்களா?"

"ஆள் பாத்துக் கொடுக்கறதில்ல தோன்யா. குலுக்கல்ல வந்த எண்."

"இன்னொண்ணு உண்டானா உயிருக்கு ஆபத்துன்னு அட்டையில எழுதியிருந்தேனே. என் கையெழுத்து இருக்கே."

"அதுக்குத்தானே எல்லாருக்கும் களிம்பு கொடுத்தோம்."

நான் கையிலிருந்த அட்டைகளைக் கீழே வைத்தேன். என் பட்டியலில் ஐம்பத்தெட்டுப் பெண்கள். நாலில் ஒன்று என்றால் எத்தனை என்று மனம் தானாக வகுத்துப் பார்த்தது. ஒவ்வொரு முகமாக வந்தது. எந்த முகம் என்று மட்டும் தெரியவில்லை. அந்தக் களிம்பு தேவையில்லை என்று அவர்களிடம் சொன்னதும் நான்தான்.

எர்மினியா அழவில்லை, கத்தவும் இல்லை. "சரி டாக்டர். அவளுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. இதயத்துக்கு ஆபத்துன்னு நீங்க எழுதினா, சான் ஹுவான் பெரிய ஆஸ்பத்திரியில சட்டப்படியே கலைச்சுவிடுவாங்க. இன்னும் நாள் இருக்கு" என்றாள்.

அவர் பேனாவை மூடினார். "கர்ப்பமும் ஆராய்ச்சியில ஒரு முடிவுதான். கடைசி வரைக்கும் தொடர்ந்து பாக்கணும்னு விதி. பிரசவத்துக்கு நல்ல இடமா நானே ஏற்பாடு பண்றேன். கடிதம் எழுதினா எப்படி உண்டாச்சுன்னு கேப்பாங்க. கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க."

வெளியே வந்ததும் எர்மினியா நடந்துகொண்டே இருந்தாள். பேருந்து நிறுத்தத்தையும் தாண்டிவிட்டாள். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். "ஆபரேஷன் வேண்டாம்னு சொன்னது நான்" என்றாள். அதையே மூன்று தடவை சொன்னாள், ஒவ்வொரு தடவையும் அப்போதுதான் அறிந்தவள் போல.

அன்று மாலை நினாவிடம் அவள் எதையும் பூசி மெழுகிச் சொல்லவில்லை. பசிலியா, செல்சோ, நான் எல்லோரும் இருக்கும்போதே, டாக்டர் சொன்னதை வரிசை மாறாமல் சொன்னாள். பசிலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். நினா எழுந்து போய் டின்னை எடுத்துவந்தாள். அதில் பதினொன்று மிச்சம் இருந்தன. ஒன்றைக் கடித்தாள், கசப்பில் முகம் சுளித்துத் துப்பினாள். இன்னொன்றைக் கடித்தாள். வாயை மெல்ல அசைத்துப் பார்த்தாள். அடுத்ததையும் கடித்தாள்.

"இனிக்குது" என்றாள்.

செல்சோவின் முழங்கை வரை கரும்புச் சோகை கிழித்த தழும்புகள். அவனைக் காட்டி, "இந்த மனுஷன் பன்னெண்டு வயசுலேர்ந்து கரும்பு வெட்டறாரு. சீனி வேணும்னா நான் இவர்கிட்டயே கேட்டிருப்பேனே. அதுக்கு நீ எதுக்குக் கொமாத்ரே மாசாமாசம் நடந்து வந்த?" என்றாள்.

எர்மினியா டின்னை வாங்கி மூடினாள்.

"அப்ப பிப்ரவரியிலேர்ந்து என்னைக் காப்பாத்தினது?"

"கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கிட்டிருந்தே. அதுதான்."

"ஆக, அவன்தான் காப்பாத்தியிருக்கான்." தரையில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தையைப் பார்த்துச் சொன்னாள். செல்சோ எழுந்து வெளியே போனான். கொல்லைப் பக்கம் அவன் எதையோ ஓங்கி உதைக்கும் சத்தம் கேட்டது.

"இப்ப என்ன செய்யணும்ங்கறதை நீ சொல்லு" என்றாள் எர்மினியா. "இந்தத் தடவை நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீ வச்சுக்கறேன்னா வச்சுக்க, கூட இருப்பேன். வேண்டாம்னா வழி தேடறேன்."

நினா வெகுநேரம் யோசிக்கவில்லை. "பாவம்னு பாதர் சொல்வாரு, தெரியும். இந்த அஞ்சையும் விட்டுட்டு நான் போய்ச் சேந்தா, அது யார் பாவம்? எழுதி வாங்கிட்டு வா."

மறுநாள் காலை எர்மினியா வெறுங்கையோடு டாக்டர் அறைக்குப் போனாள். நானும் போனேன், நானும் வெறுங்கையோடுதான். முந்தின நாள் இரவு டாக்டர் சாப்பிடப் போன நேரத்தில் நாங்கள் இருவரும் திரும்பி வந்து, எங்கள் நோட்டுகளை, பதினைந்து மாதத்து நோட்டுகள் மொத்தத்தையும், மேசையிலிருந்தும் அலமாரியிலிருந்தும் எடுத்துப் போயிருந்தோம். வெள்ளிக்கிழமை அறிக்கை வடக்கே போக வேண்டும் என்பது இருவருக்கும் தெரியும்.

"உங்க ரெண்டு பேரு நோட்டும் காணோம்" என்றார் டாக்டர்.

"வீட்டுல இருக்கு. ஈரம் படாம" என்றாள் எர்மினியா.

"இது திருட்டு, தெரியுமா? போலீஸைக் கூப்பிட எனக்கு ஒரு நிமிஷம் ஆகாது."

"கூப்பிடுங்க டாக்டர். அவங்க நோட்டைத் திறந்து படிப்பாங்க. எது மருந்து, எது சீனின்னு உங்களைக் கேப்பாங்க. கடிதத்தைக் கொடுங்க, நோட்டு இன்னிக்கே வந்துடும்."

அவர் என்னைப் பார்த்தார். "நீங்களுமா?" என்றார். ஆமென்று தலையை ஆட்டினேன்.

அவர் ஒரு தாளை எடுத்து எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார். எர்மினியா அதை வாங்கி, உதடு அசைய, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"இதுல இதயம்ங்கற வார்த்தையே இல்ல. 'பொதுவான பலவீனம்'னு இருக்கு. பலவீனம்னா அங்க ஊசி போட்டுத் திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னொரு தாள் எடுங்க."

அவர் இன்னொரு தாள் எடுத்தார்.

நோட்டுகளை அன்று மாலையே அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தோம். பேச்சு பேச்சுதான் என்று அவள் சொல்லிவிட்டாள். எனக்கு மனமில்லை. மறுநாள் எங்கள் இருவரையும் வேலையிலிருந்து நிறுத்தியதாக ஒரு சீட்டு வந்தது.

சான் ஹுவானில் நினாவின் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்ட வயதான மருத்துவர், சட்டம் கேட்கும் இரண்டாவது மருத்துவரின் கையெழுத்தை உடனே போட்டார். "இவங்களுக்கு ஏன் யாரும் தடுப்பு எதுவும் கொடுக்கல?" என்று எர்மினியாவிடம் கேட்டார். "கொடுத்தோம்னு நினைச்சோம், டாக்டர்" என்றாள் அவள். அவருக்குப் புரியவில்லை. மேலே கேட்கவும் இல்லை.

இரண்டு நாள் வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். எர்மினியா எதுவும் சாப்பிடவில்லை. பசிலியா கட்டிக்கொடுத்த வாழைக்காய் உருண்டைகள் இலையிலேயே காய்ந்தன. மூன்றாம் நாள் காலை உள்ளே விட்டார்கள். நினா தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. எர்மினியா முதலில் பார்த்தது அவள் உதடுகளைத்தான். அவை நீலமாக இல்லை. கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் அப்படியே கீழே குந்திவிட்டாள்.

"எத்தனை நாளா இங்க இருக்க?" என்றாள் நினா.

"நீ வந்ததுலேர்ந்து."

"உன்கிட்ட எத்தனை வீடு?"

"அறுபத்திரண்டு."

"எத்தனை பேர்கிட்ட சொல்லிட்ட?"

"யார்கிட்டயும் சொல்லல. உன்னை விட்டுட்டு எப்படி..."

"நான் பொழச்சுக்கிட்டேன். இன்னிக்கு ராத்திரியும் அவங்க ஜெபமாலையை முடிச்சுட்டு அதை முழுங்குவாங்க. இங்க உக்காந்து என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டு என்ன பண்ற? எழுந்திரு."

அவள் எழுந்தாள். என்னை நினாவுடன் விட்டுவிட்டுப் பகல் பேருந்தில் ஊர் போய்ச் சேர்ந்தாள். முதல் வீட்டிலேயே, "என்னுது எது? மருந்தா, சீனியா?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கடித்துப் பார்க்கச் சொன்னாள். ஒருத்தி துப்பினாள்; அடுத்த வீட்டுக்காரி துப்பவில்லை. இன்னொருத்தி நம்பாமல், சீனி தின்றால் தலைவலி வருமா என்று கேட்டுச் சிரித்தாள். அன்று பொழுது சாய்வதற்குள் பத்து வீடுகள் ஆயின.

பதினோராவது வீட்டில் கதவைத் திறந்த பெண்ணுக்கு நான்காவது மாதம். மாதாமாதம் எண்ண வந்தபோது சொல்ல வெட்கமாக இருந்ததாகவும், தானே ஏதோ ஒரு நாள் மறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டதாகவும் சொன்னாள். அதற்காக எர்மினியாவிடம் மன்னிப்பும் கேட்டாள்.